உஷார்! ஹோஸ் மாட்டியாச்சு என்று மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்

சாண்டரில் ஹோஸை மாட்டி, மறுமுனையை வேக்குவம் கிளீனரில் செருகி, ஸ்விட்ச்சைப் போட்டதும் பலரும் செய்கிற அடுத்த காரியம், முகத்தில் இருக்கும் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிடுவது. ‘அதான் மெஷினே தூசியை இழுக்குதே!’ என்று ஒரு தைரியம். இழுக்கிறதா? இரைச்சல் கேட்கிறது, அவ்வளவுதான். தூசி உண்மையில் உள்ளே போகிறதா என்பது பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட்ஸில் இல்லை. நடுவில் கிடக்கும் அந்தக் குழாயில் இருக்கிறது. ஹோஸே இல்லாத சாண்டர்கூட ஒரு வகையில் தேவலை. புகை மாதிரி தூள் பறப்பதைப் பார்த்து ஆள் பயந்து மூக்கை மூடுவான். தப்பான ஹோஸ் அந்தப் பயத்தை எடுத்துவிட்டுத் தூசியை மட்டும் விட்டுவைக்கிறது.

நம் ஊரில் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிக் கையால் தேய்த்த வேலைக்கெல்லாம் இப்போது மெஷின் வந்துவிட்டது. மரத்துக்கு ஆர்பிட்டல் சாண்டர், சுவர்ப் பட்டிக்கு நீளக்கை சாண்டர். கையால் தேய்க்கும் கட்டையிலும் உறிஞ்சுகிற துளை வைத்து விற்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் மெஷினுக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பவர்கள் ஹோஸ் என்று வந்ததும் கையை இறுக்கிக்கொள்கிறார்கள். மூலையில் கிடந்த வாஷிங் மெஷின் டிரெயின் ஹோஸ், மோட்டார் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பச்சை சக்‌ஷன் ஹோஸ், பழைய வேக்குவத்தோடு வந்து விரிசல் விட்ட குழாய் என எது கிடைத்தாலும் மாட்டிவிடுகிறார்கள். வாய் அளவு பொருந்தாவிட்டால் இருக்கவே இருக்கிறது சைக்கிள் டியூபும் இன்சுலேஷன் டேப்பும்.

முதல் ஆபத்து அந்த டியூப் சுற்றிய இடத்தில்தான். ஹோஸில் ஓட்டை இருந்தால் தூசி வெளியே கொட்டும், பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. வேக்குவம் ஓடும்போது ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, உள்ளே இருக்கும் தூசி வெளியே வராது. மெஷினுக்கோ எங்கிருந்து காற்று வந்தாலும் ஒன்றுதான். அது பாட்டுக்கு உற்சாகமாக உறுமும். நஷ்டமெல்லாம் மறுமுனையில், சாண்டரின் அடியில். அங்கே உறிஞ்சல் பாதியாகக் குறைந்திருக்கும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

வேலை நடுவில் ஒருமுறை குனிந்து அந்த இணைப்பை உற்றுப் பாருங்கள். சாண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் ஆடுகிறது. அந்த அதிர்வில் டியூப் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, மேல்பக்கம் நகக்கண் அளவு வாய் பிளந்திருக்கும். ரப்பரின் விளிம்பு படபடவென்று துடிக்கும். பலகை முழுக்கத் தூள் படிந்திருக்க, அந்தப் பிளவை ஒட்டிய இடம் மட்டும் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருக்கும். டிஷ்யூ தாளைக் கிழித்து இணைப்பைச் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். எங்கே தாள் சட்டென்று ஒட்டுகிறதோ, அங்கேதான் உங்கள் காசு போகிறது. காசு மட்டுமா?

இங்கிலாந்தில் ஹை வைகோம்ப் என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாக நாற்காலி செய்யும் ஊர். அங்கே மரவேலை செய்தவர்களுக்கு, மற்றவர்களுக்கு அபூர்வமாக வரும் மூக்கு உட்புறப் புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் வருவதை எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் கவனித்தார். அவரும் சக மருத்துவர்களும் எழுதிய ஆய்வு 1968-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 1995-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே பட்டியல். இன்று சுவாசித்த தூள் வேலையைக் காட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்பதால்தான் ‘எங்கப்பாவும் இதைத்தானே செஞ்சாரு’ என்கிற வாதம் எடுபட்டுக்கொண்டிருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் கடின மரத்தூளுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றுக்கு 2 மில்லிகிராம். பத்துக்குப் பத்து அறை முழுவதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 60 மில்லிகிராமைத் தொடாது. ஒரு சிட்டிகை உப்பே அதைவிடக் கனம். தேக்கும் ஈட்டியும் தோலிலும் ஒவ்வாமை கிளப்பும் மரங்கள். எம்.டி.எஃப். பலகையைத் தேய்த்தால் மாவைவிட நைஸான தூளோடு பசையும் சேர்ந்து வரும். பழைய வீட்டுக் கதவைச் சுரண்டுகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்ட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தப் பழைய பெயின்ட்டை மெஷினால் உலர்வாகத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், எந்த ஹோஸாக இருந்தாலும் சரி.

சரி, எந்த அளவு ஹோஸ்? இங்கேதான் கடைக்காரரும் நாமும் சேர்ந்து கோட்டை விடுகிறோம். ‘மெல்லிசா இருந்தா வேகமா இழுக்கும் சார்’ என்பது ஒரு கட்சி. ‘பெருசா இருந்தா நிறைய இழுக்கும்’ என்பது எதிர்க்கட்சி. இரண்டுமே பாதி உண்மை.

ஒரே அளவு காற்றை இழுக்க, 36 மி.மீ. ஹோஸில் வீணாகும் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 4 மடங்கு 27 மி.மீ. ஹோஸில் வீணாகும். விட்டத்தில் வித்தியாசம் வெறும் 9 மி.மீ.தான். ஆனால் அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் படியைப் பொறுத்து எகிறுகிறது. 20 மி.மீ. விட்டக் கணக்கில் வரும் வாஷிங் மெஷின் ஹோஸை மாட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். போதாததற்கு அதன் உட்புறம் முழுக்க மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒவ்வொரு மடிப்பும் காற்றைத் தடுக்கும், தூளையும் பிடித்து வைக்கும். நீளமும் அப்படியே. இரண்டு ஹோஸைச் சேர்த்து ஏழு மீட்டர் ஆக்கினால் இழப்பும் இரண்டு மடங்கு.

அதற்காக 50 மி.மீ. வாங்கிவிடலாமா? அதுவும் உதவாது. தூள் ஹோஸுக்குள் படியாமல் ஓட, காற்று நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். மணிக்கு 72 கிலோமீட்டர்! நொடிக்கு 30 லிட்டர் இழுக்கும் ஒரு வேக்குவத்தில் 36 மி.மீ. ஹோஸை மாட்டினால் உள்ளே 29 மீட்டர் வேகம் கிடைக்கும். அதே மெஷினில் 50 மி.மீ. மாட்டினால் 15-க்கு இறங்கிவிடும். தூள் தரையில் கிடக்கும் ஹோஸின் வயிற்றில் தங்கும், வளைவில் சேரும், ஒரு நாள் மொத்தமாக அடைத்துக்கொள்ளும்.

ஆகவே 125, 150 மி.மீ. ஆர்பிட்டல் சாண்டருக்கு 27 முதல் 36 வரை, அதிலும் வேக்குவம் சாதாரண வீட்டு ரகமென்றால் 36 பக்கம் சாயுங்கள். சுவர்ப் பட்டிக்கும் பெல்ட் சாண்டருக்கும் 36-க்குக் குறையவே வேண்டாம்.

கைக்கட்டையின் கதை வேறு. அதில் கிளம்பும் தூள் கொஞ்சம்தான், ஆகவே 20 முதல் 27 மி.மீ. போதும். அங்கே பார்க்க வேண்டியது ஹோஸின் எடையும் விறைப்பும். அந்தப் பச்சை சக்‌ஷன் ஹோஸைக் கட்டையில் மாட்டிப் பாருங்கள். நீங்கள் இடதுபக்கம் தள்ளினால் அது வலதுபக்கம் இழுக்கும். கட்டை லேசாகச் சாய்ந்து விளிம்பு பலகையில் கோடு போடும். வெனீர் ஒட்டிய பலகையாக இருந்தால் அந்த ஒரு கோட்டோடு வெனீர் காலி. துணி மாதிரி துவளும் ஹோஸும், திருகிக்கொள்ளாமல் தானாகச் சுழலும் வாய்ப்பகுதியும் இருந்தால்தான் கை சுதந்திரமாக ஓடும். உறிஞ்சலும் அளவோடு இருக்கட்டும். அதிகமானால் கட்டையோ சாண்டரோ பலகையோடு ஒட்டிக்கொண்டு, பாலிஷ் ஏற்றியபின் பல்லிளிக்கும் சுழிக்கீறல்களை விட்டுப்போகும். அதற்குத்தான் சில ஹோஸ்களின் வாயில் திருப்புகிற வளையம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் திறந்தால் வெளிக்காற்று உள்ளே வந்து பிடி தளரும். இதுவும் ஒரு கசிவுதானே என்று கேட்கலாம். இது நாம் தெரிந்து திறக்கிற கசிவு.

இன்னொரு விஷயம், விலையுயர்ந்த மெஷின் வைத்திருப்பவர்களுக்கு. ஐரோப்பியத் தர விதிப்படி ‘எம்’ வகுப்பு (நடுத்தர ஆபத்துள்ள தூசிக்கான) வேக்குவங்களில், ஹோஸுக்குள் காற்றின் வேகம் நொடிக்கு 20 மீட்டருக்குக் கீழே போனால் அலாரம் கத்தும். ஆனால் எந்த விட்டமுள்ள ஹோஸ் மாட்டியிருக்கிறது என்று ஒரு குமிழைத் திருப்பி நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். 36 மாட்டிவிட்டுக் குமிழை 27-லேயே விட்டுவைத்தால் அலாரம் கத்த வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும். எரிச்சலில் குமிழைச் சின்ன அளவுக்குத் திருப்பி வைத்து வாயடைப்பவர்களும் உண்டு. கெட்டிக்காரத்தனம்!

அடுத்து ஷாக். உலர்ந்த தூள் பிளாஸ்டிக் ஹோஸில் உரசிக்கொண்டே ஓடுவதால் நிலைமின்சாரம் ஏறும். சுள்ளென்று கையில் அடிக்கும். அடி சின்னதுதான், ஆனால் ஏணி மேல் நின்று சுவர் தேய்ப்பவருக்கு அந்த ஒரு உதறல் போதும். ஆன்டிஸ்டாட்டிக் ஹோஸ் இதற்காகவே இருக்கிறது. ஆனால் கருப்பாக இருப்பதெல்லாம் ஆன்டிஸ்டாட்டிக் இல்லை. சாயத்துக்கு என்ன பஞ்சம்? நிஜமாகவே மின்சாரம் கடத்தினாலும் அதை இறக்கிவிட ஒரு வழி வேண்டும். ஹோஸின் வாய், வேக்குவத்தின் சாக்கெட், எர்த் பின் என்று சங்கிலி அறுபடாமல் போக வேண்டும். உங்கள் வேக்குவத்தின் பிளக்கைப் பாருங்கள். இரண்டே பின் என்றால் எர்த்தே இல்லை, ஆன்டிஸ்டாட்டிக் ஹோஸுக்குக் கொடுத்த காசு தண்டம். இடையில் சைக்கிள் டியூப் வந்தாலும் சங்கிலி அங்கேயே அறுந்தது.

மேலே சொன்னதெல்லாம் மூச்சுக்கும் கைக்கும். கடைசியாக நெருப்பு. காலையில் மரத்தைத் தேய்த்த அதே ஹோஸை மாலையில் இரும்பு கேட்டைத் தேய்க்கும் மெஷினில் மாட்டுகிறார்கள். தீப்பொறி ஹோஸ் வழியாக நேராகப் போய் விழுவது எங்கே? பை நிறைய மரத்தூள் இருக்கிற இடத்தில். உள்ளே காற்றும் வீசிக்கொண்டிருக்கிறது, அடுப்பு ஊத வேறு ஆள் வேண்டியதில்லை. அலுமினியத்தூள் இன்னும் கொடியது. சீனாவின் குன்ஷான் நகரில் 2014 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, கார் சக்கரங்களுக்கு மெருகேற்றும் தொழிற்சாலை ஒன்று வெடித்தது. தூசி உறிஞ்சும் அமைப்பைச் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தார்கள். சேகரிப்புப் பீப்பாயில் ஈரம்பட்ட அலுமினியத்தூள் தானாகவே சூடேறியது. முதல் 30 நாளில் 97 பேர், மொத்தம் 146 பேர் இறந்தார்கள். தூசியை இழுப்பதற்காக வைத்த அமைப்பிலிருந்தே வெடி கிளம்பியது. மரத்துக்கு ஒரு ஹோஸ், ஒரு வேக்குவம். உலோகத்துக்குத் தனி ஏற்பாடு. இதில் சமரசமே கூடாது.

தீப்பொறி இல்லாமலும் பற்றும். ஆயில் பாலிஷ், வார்னிஷ் ஏற்றிய மரத்தைத் தேய்த்த தூளைப் பையிலேயே அமுக்கி வைத்தால், உள்ளே மெல்ல மெல்லச் சூடேறி, எல்லாரும் வீட்டுக்குப் போனபின் நடுராத்திரியில் தானாகப் புகையும். வேலை முடிந்த கையோடு பையைக் காலி செய்து, மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு, கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். ஹோஸையும் உதறுங்கள், அதன் மடிப்பிலும் இதே தூள்தான் இருக்கிறது.

உங்கள் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. சாயங்காலம் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை சாண்டருக்குப் பக்கவாட்டில் அடித்து ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத தூள் அந்த வெளிச்சத்தில் மிதப்பது தெரியும். சாண்டரின் விளிம்பிலிருந்து கிளம்பினால் உப்புத்தாள் வட்டின் துளையும் மெஷினின் துளையும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். நேராக இருந்தால் கோளாறு ஹோஸில். வேக்குவத்தின் பின்பக்கத்திலிருந்து கிளம்பினால் ஃபில்டர் போதாது, ஹெப்பா ரகம் வேண்டும். எங்கிருந்தும் கிளம்பவில்லை என்றாலும் என்95 மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும். தலைத்துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டுவது வியர்வைக்கு நல்லது, நைஸ் தூளுக்கு அது வாசற்கதவு.

ஹோஸ் வாங்கக் கடைக்குப் போகும்போது சாண்டரையும் வேக்குவத்தின் குழாய் வாயையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டே போங்கள். ஒரே கம்பெனியின் மெஷின்களிலேயே வாய் அளவு மாறும், வெளிவிட்டமா உள்விட்டமா என்ற குழப்பமும் தீராது. மாட்டி, ஆட்டி, கையால் வளைத்துப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் ஹோஸின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 20 மெகாஓம் அளவிலும் முள்ளோ எண்ணோ அசையாவிட்டால் ‘ஆன்டிஸ்டாட்டிக்’ என்ற ஸ்டிக்கரை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ‘எல்லா மெஷினுக்கும் இதே ஹோஸ்தான் சார், டேப் போட்டா செட் ஆயிடும்’ என்று கடைக்காரர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.