கணுக்காலி: சொல்லமைப்பும் பொருட்பொருத்தமும்

நண்டு, இறால், தேள், சிலந்தி, மரவட்டை, பூச்சியினங்கள் ஆகியவற்றை உள்ளடக்கிய விலங்குத் தொகுதியைத் தமிழ் அறிவியல் நூல்கள் கணுக்காலிகள் என வழங்குகின்றன. இச்சொல் ஆர்த்ரோபோடா என்பதன் நேர் மொழிபெயர்ப்பாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. இரு சொற்களின் உறுப்புகளையும் ஒப்புநோக்கின் அவற்றிடையே ஒரு வேறுபாடு புலனாகும்.

ஆர்த்ரோபோடா கிரேக்க மூலமுடையது. ஆர்த்ரோன் என்பது மூட்டு. பொடோஸ் என்பது காலைக் குறிக்கும் சொல்லின் வேற்றுமை வடிவம். கூவியே 1817இல் வெளியிட்ட விலங்குலகப் பகுப்பில் மண்புழு முதலிய வளையப்புழுக்களும் பூச்சிகளும் ஒரே பிரிவில் அடங்கின. உடல் வளையங்களாகத் துண்டுபட்டிருத்தலே அங்கு அளவுகோல். சீபோல்டு 1848இல் வெளியிட்ட ஒப்பீட்டு உடற்கூற்றியல் நூலில் வளையப்புழுக்களை விலக்கி, எஞ்சியவற்றை ஆர்த்ரோபோடா என்றார். அளவுகோல் உடலிலிருந்து காலுக்கு மாறியதைப் பெயரே காட்டுகிறது. (தொல்காப்பிய மரபியல் நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர்களாக ஒருங்கு வைத்துள்ளது, ஆயின் அங்கு அளவுகோல் புலனறிவேயன்றி உறுப்பமைப்பு அன்று.)

கணுக்காலி என்பது கணு + கால் + இ எனப் பிரியும். கணுக்கால் என்பது கணுக்களையுடைய கால் என விரிதலின், இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இகர விகுதி உடைமைப் பொருளது. நாற்காலி, முக்காலி என்னும் பழகிய சொற்களிலும், தலைக்காலி, வயிற்றுக்காலி என்னும் கலைச்சொற்களிலும் இதுவே பயில்கிறது. எனினும், கணுக்கால் என்பது மனிதரின் பாதமும் காலும் பொருந்தும் இடத்திற்கும் பெயராதலின், ‘கணுக்காலை உடையது’ என மாணவர் பிழைபடக் கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொள்ளின் மனிதரும் கணுக்காலியே ஆவர்.

ஆர்த்ரோன் என்பதற்கு மூட்டு என்பதே நேர்ச்சொல். ஆயினும் மூட்டுடைய கால் முதுகெலும்பிகளுக்கும் உண்டு. இக்குறை கிரேக்கப் பெயரிலேயே உள்ளது. கணு என்றவுடன் மூங்கில் நினைவிற்கு வருகிறது. மூங்கிலின் வலிமை புறச்சுவரில் உள்ளது. கணுவிடைப் பகுதி உட்குழாயாக இருக்கும். நண்டின் காலும் அத்தகையதே: புறத்தே வன்கூடு, அதனுள்ளே தசை. புறச்சட்டகம் என்னும் சிறப்பியல்பைக் கிரேக்கப் பெயர் சுட்டவில்லை. தமிழ்ச்சொல் உவமை வழியே குறிப்பாக உணர்த்துகிறது. ஆனால் இவ்வுவமை முழுமையாகப் பொருந்துவதன்று. மூங்கிலின் கணு வளையாத இடம். நண்டின் காலிலோ, வன்கூடு மெலிந்து சவ்வாகும் அவ்விடமே வளைகிறது.