ஒடக்கானின் மலைத்தீவு

மழை வெறித்த காலையில் கோவை பீளமேட்டில் ஏதாவதொரு மொட்டைமாடியில் ஏறிப் பாருங்கள். வடமேற்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டுக்கும் நடுவே மலைத்தொடர் அறுந்து கிடக்கிற இடம் பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். நமக்கு அது ஆடிக்காற்று வருகிற வாசல், கேரளத்துக்கு ரயில் போகிற வழி. மலைமேல் இருக்கும் ஒரு ஒடக்கானுக்கோ (ஓணானைத்தான் சொல்கிறேன்) அது கடல்.

வேலியில் தலையாட்டும் நம்மூர் ஒடக்கானைச் சொல்லவில்லை (சிறுவயதில் அதன்மேல் எறிந்த கல்லுக்குக் கணக்கில்லை). இது சாலியா என்னும் பேரினம். உலகத்திலேயே இதில் இரண்டே இனங்கள். இரண்டும் மேற்குத்தொடர்ச்சி மலையின் உச்சிகளில்தான். நீலகிரி ஓணானுக்கு 1845-ல் பெயர் வைத்தவர் ஜான் எட்வர்ட் கிரே. ஆனைமலை ஓணானை 1878-ல் விவரித்தவர் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம்.

உடம்பு ஒரு விரல் நீளம், வால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கூரை ஓடு வேய்ந்தமாதிரி பெரிய செதில்கள். ஆணுக்குப் பிடரியில் முள்வரிசை.

தன் உடம்புக்குள் சூடு உண்டாக்கத் தெரியாத பிராணி, மார்கழியில் புல்லில் உறைபனி படியும் ஊட்டியில் எப்படிப் பிழைக்கிறது? வெயிலைத் தேடித்தான். சோலைக்காட்டின் ஓரப் புதர்களிலும் தோட்ட வேலிகளிலும் ஏறி, விலாவை வெயிலுக்குக் காட்டி உட்காரும். அந்தக் குளிருக்குப் பழகிய உடம்பு சமவெளி வெக்கையைத் தாங்காது. சுற்றிலும் தண்ணீர் இல்லாமலே தீவு உண்டாவது இப்படித்தான்; அறிவியலில் இதற்கு ‘வானத்தீவு’ என்று பெயர்.

இதேபோல் இலங்கை மலைநாட்டில் தீவுக்குள்ளேயே ஒரு தீவு. ஹோர்ட்டன் சமவெளி, நுவரெலியா பக்கம் மூக்கில் கொம்பு முளைத்த சிற்றோணான் ஒன்று உண்டு. அந்த மலைகளை விட்டால் வேறெங்கும் கிடையாது.

மலைகளைச் சூழ்ந்த இந்த வெக்கைக் கடலின் மட்டம் நிலையானதல்ல. பூமி குளிர்ந்திருந்த பனியூழிக் காலங்களில் மலைக்குளிர் கீழே இறங்கிவந்தது. உயிர்களும் கூடவே இறங்கின. நீலகிரி ஓணான் கணவாய்க்குத் தெற்கே பழனிமலையிலும் பதிவாகியிருப்பதற்கு அப்படியொரு பழைய பயணம் காரணமாக இருக்கலாம். இப்போது வெப்பம் மேலே ஏறுகிறது. மலைப் புல்வெளியில் பெரும்பரப்பைத் தேயிலையும் சீகை மரமும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டாயிற்று. ஒடக்கானும் மேலே ஏறலாம்தான். ஆனால் தொட்டபெட்டா 2637 மீட்டரில் முடிந்துவிடுகிறது.