எக்ஸ்ரே நேராக இருந்தால் போதுமா?

மணிக்கட்டு முறிந்தவர்கள் அறியவேண்டிய உண்மை

போடிநாயக்கனூர் ஏலக்காய்க்குப் பெயர் பெற்ற ஊர். மேற்கே போடிமெட்டு மலைப்பாதை. அதைக் கடந்தால் ஏலத் தோட்டங்கள். காய் பறிக்கும் காலத்தில் போடி வட்டாரத்துப் பெண்கள் காலையிலேயே ஜீப் ஏறி மலைக்குப் போகிறார்கள்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியில், தரையை ஒட்டிக் காய்க்கிறது. குனிந்து, விரலால் பறிக்கவேண்டும். மழை ஈரத்தில் சரிவு வழுக்கும். விழுகிறவர் கையை ஊன்றுவார். உடலின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். எலும்பு முறிந்துவிடும்!

கைதான் அவருக்குக் கூலி. "என் கை பழையபடி ஆகுமா?" என்பதே அவருடைய கேள்வி.

படத்தில் தெரிவது என்ன?

முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள எலும்பின் முனை, உள்ளங்கைப் பக்கமாக ஏறத்தாழ 11 டிகிரி சாய்ந்திருக்கும். முறிந்தால் அது புறங்கைப் பக்கம் மடங்குவதுண்டு. எலும்பு குறுகுவதும் உண்டு. மூட்டுப் பரப்பில் மேடு பள்ளம் விழலாம். இம்மூன்றையும் டாக்டர் எக்ஸ்ரேயில் பார்க்கிறார். தேவையானால் ஆபரேஷன் செய்து, தகடும் திருகாணியும் வைத்து நேராக்குகிறார்.

படம் நேரானால் கையும் சரியாகிவிட்டதா? அப்படிச் சொல்லிவிட முடியாது!

ஆஸ்திரியா நாட்டு டாக்டர்கள், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 73 பேரைச் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்குத் தகடு வைத்தார்கள். மற்றவர்களுக்கு மாவுக்கட்டு. தகடு வைத்தவர்களின் எக்ஸ்ரே நன்றாக இருந்தது. பிடியிலும் அவர்களுக்கே வலு அதிகம். ஆனால், ஓராண்டுக்குப் பின் கையை அசைப்பதிலும், வலியிலும், அன்றாட வேலையிலும் இரு தரப்பாருக்கும் பெரிய வேற்றுமை இல்லை!

எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல். அதற்கு முன்பே, 1814-ல், அயர்லாந்து டாக்டர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவைப்பற்றி எழுதினார். கோணல் நீடித்தாலும், நாளடைவில் கை வலியின்றி அசையும் என்பது அவர் கண்டது.

அப்படியானால் எக்ஸ்ரே வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். இளவயதினருக்கும், கையால் கடின வேலை செய்பவர்களுக்கும் எலும்பு நேராகக் கூடுவது முக்கியம். மூட்டுப் பரப்பு ஒழுங்காக அமையாவிட்டால் பிற்காலத்தில் தேய்மானம் வரலாம். போடியில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. தேனியை அடுத்த க.விலக்கில் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

விரலை மறக்காதீர்கள்!

எலும்பு நேராகக் கூடியும் கை விறைத்துப்போகிறவர்கள் உண்டு. வலிக்குப் பயந்து விரலை அசைக்காமல் வைத்திருப்பது இதற்கு ஒரு காரணம். கட்டுப் போட்ட நாள் முதலே விரல்களை மடக்கி நீட்டவேண்டும். முழங்கையையும் தோளையும் அசைக்கவேண்டும். முதல் சில நாட்கள் கையை உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். விரல் மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டு இறுக்கமாக இருக்கலாம்.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, "எலும்பு கூடிவிட்டது" என்று சொல்லும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். மணிக்கட்டுக்கு என்ன பயிற்சி செய்யவேண்டும்? பாரம் தூக்க எத்தனை நாள் ஆகும்? விடையை வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். அதுவரை குடத்தை அவர்கள் தூக்கட்டும்!