எழுபத்தொன்றா, எண்பத்தொன்றா? குறைந்த விலையில் நல்ல இயர்போன் ஒன்றைத் தெரிவுசெய்தல்

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 வருடங்கள் நிறைவை நினைவுகூர்ந்த 2023ஆம் ஆண்டில், இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றில் எண்பது வயதை நெருங்கிய ஒரு பாட்டியுடன் இரண்டு மணித்தியாலம் பேசினேன். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தொலைக்காட்சி. கையடக்கத் தொலைபேசியைப் பாட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவுசெய்தேன். அறைக்குத் திரும்பி, இயர்போனை மாட்டிக்கொண்டு, அவர் பேசியதை வரி வரியாக எழுதினேன்.

"எழுவத்தியொண்ணுல தான் தம்பி, பிள்ளைங்கள தூக்கிக்கிட்டு லயத்த விட்டு ஓடுனோம். ரெண்டு ராத்திரி தேயிலைக்குள்ள தான் படுத்தோம்."

1971 ஏப்ரல் என்றால் ஜே.வி.பி. கிளர்ச்சி. சப்ரகமுவவில், குறிப்பாகக் கேகாலைப் பக்கம், அது கடுமையாக நடந்தது. தோட்டத்து மக்கள் பயந்து ஓடியிருப்பார்கள் என்று நினைத்தேன். சந்தேகமே வரவில்லை. கட்டுரையை எழுதி முடித்தும் விட்டேன்.

அனுப்புவதற்கு முதல் நாள் என் இயர்போனின் ஒரு பக்கம் செயலிழந்தது. நண்பர் ஒருவருடையதை வாங்கி அதே பகுதியை மீண்டும் கேட்டேன். பாட்டி சொன்னது "எழுவத்தியொண்ணு" அல்ல, "எம்பத்தியொண்ணு". 1981 ஆகஸ்ட். இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் தமிழர்கள் தாக்கப்பட்ட மாதம் அது. பேத்தியின் தொலைபேசிக்கு அழைத்துக் கேட்டேன். "ஆமா தம்பி, எம்பத்தியொண்ணு தான். அதுக்குப் பிறகு தான் என் தங்கச்சி குடும்பம் வவுனியாவுக்குப் போச்சு" என்றார் பாட்டி.

1977, 1981, 1983 என்று ஒவ்வொரு வன்முறைக்குப் பிறகும் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. பாதுகாப்பைத் தேடிப் போன அவர்களைப் போர் அங்கும் விடவில்லை. நான் 1971 என்று எழுதியிருந்தால், அந்தத் தங்கை வன்னிக்குப் போன காரணமே கட்டுரையில் இல்லாமல் போயிருக்கும்.

தவறு என்னுடையது. மறுபடி கேட்டு உறுதிசெய்யாதது நான்தான். ஆனாலும் அன்றிலிருந்து, ஒரு நல்ல இயர்போன் என்றால் என்ன, அதைக் குறைந்த காசில் எப்படி வாங்கலாம் என்று தேடத் தொடங்கினேன். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையின் குரலையோ, இனிக் கேட்கவே முடியாத ஒருவரின் பழைய பதிவையோ தொலைபேசியில் வைத்திருக்கும் எவருக்கும் இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

குரல் எங்கே மறைந்தது?

என்னிடம் இருந்தது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாங்கிய, நாம் 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' என்று கேட்டு வாங்குகிற வகை. பெட்டியில் 'எக்ஸ்ட்ரா பாஸ்' என்று பெரிதாக எழுதியிருந்தது. பிரச்சினை அங்கேதான்.

மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களைக் கேட்கும். பேச்சில் சத்தத்தின் பலம் பெரும்பாலும் உயிரெழுத்துகளில், தாழ்ந்த மீடிறன்களில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் நுணுக்கமோ பெரும்பாலும் 1,000 முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில், மிகவும் மெல்லியதாக இருக்கிறது. தாழ்ந்த ஒலியை அளவுக்கு மீறி உயர்த்தினால், அது மேலே உள்ள மெல்லிய ஒலியை மூடிவிடும். 'அடிச்சாங்க' என்பதற்கும் 'அழிச்சாங்க' என்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் அப்படித்தான் காணாமல் போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. திறந்திருக்கும் செவிக்குழாய் ஒரு சிறு குழல் போன்றது. 3,000 ஹேர்ட்ஸை அண்டிய ஒலியைப் பரிவினால் அது தானாகவே உயர்த்திக் கொடுக்கும். பேச்சு நமக்குத் தெளிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காதுக்குள் இயர்போனை அடைத்தவுடன் அந்த இயற்கையான உயர்வு குலைந்துவிடுகிறது. நல்ல இயர்போன் இழந்ததை ஈடுசெய்யும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும். அப்படி வடிவமைக்கப்படாததில் குரல் திரைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் இருக்கும்.

'ஹை-ஃபை' என்ற சொல்லைப் பணக்காரரின் பொழுதுபோக்காகவே நினைத்திருந்தேன். உண்மையில் அதன் பொருள் எளிமையானது: பதிவில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் காதுக்குக் கொடுப்பது.

விலை அதிகமானால் ஒலியும் நல்லதா?

காதுக்குள் பொருத்தும் உயர்தர இயர்போனின் வரலாறு செவிப்புலன் ஆய்வுடன் சேர்ந்தது. கேட்கும் கருவிகள் பற்றி ஆராய்ந்த மீட் கில்லியன் 1983இல் அமெரிக்காவில் எடிமோடிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஆய்வுகூடங்களுக்கான செவிக்குழாய் இயர்போன்களைச் செய்துவந்த அந்த நிறுவனம், 1991இல் இசை கேட்பவர்களுக்காக ஈ.ஆர்-4 என்பதை வெளியிட்டது. அது சாதாரண மக்கள் வாங்கும் விலையில் இருக்கவில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையுடன் ஒப்பிட்டார். மீடிறன்களை அவை வெளிப்படுத்தும் விதத்துக்கும் சில்லறை விலைக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. 2022இல் சீன நிறுவனங்களான மூன்ட்ரொப் வெளியிட்ட 'சூ', செவன் ஹேர்ட்ஸ் வெளியிட்ட 'சல்நோட்ஸ் சீரோ' ஆகிய இரண்டும் ஏறத்தாழ 20 டொலர் விலையில் குரலைச் சமநிலையாகக் கொடுத்துப் பரவலாகப் பாராட்டப்பட்டன. இவற்றைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. இந்த விலையிலும் நேர்மையான ஒலி சாத்தியம் என்பதற்கே உதாரணம் காட்டுகிறேன்.

டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் அது 6,000 ரூபா. அனுப்பும் செலவும் வரியும் வேறு. 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்ட தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தில், நான்கு நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பாக அது அப்போது இருந்தது. ஆகவே 'மலிவு' என்ற சொல்லை யோசித்தே பயன்படுத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக உடைந்துபோகும் இயர்போன்களை வாங்கிக்கொண்டிருப்பவர், ஒரு வருடத்தில் எவ்வளவு கொடுத்தார் என்று ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது. அதைவிடக் குறைந்த விலையிலும் கேட்கக்கூடியவை கிடைக்கும். அதற்குத் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டியில் எழுதியிருப்பதும் எழுதாததும்

'20–20,000 ஹேர்ட்ஸ்' என்று கிட்டத்தட்ட எல்லாப் பெட்டிகளிலும் இருக்கிறது. சிலவற்றில் 40,000 என்றும் இருக்கும். இந்த எண்களை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அந்த எல்லைக்குள் எந்தப் பகுதி உயர்ந்திருக்கிறது, எது தாழ்ந்திருக்கிறது என்பதே முக்கியம்; அதைப் பெட்டி சொல்லாது. உள்ளே நான்கு, ஐந்து ஒலிப்பான்கள் இருக்கின்றன என்ற விளம்பரமும் அப்படித்தான். நன்றாக அமைக்கப்பட்ட ஒன்றே ஒன்று, அமைப்பில்லாத ஐந்தைவிட மேல்.

பார்க்க வேண்டியவை இரண்டு. தடங்கல் 16 முதல் 32 ஓம் வரை இருந்து, உணர்திறன் 100 டெசிபெல்லுக்குக் குறையாமல் இருந்தால் சாதாரணத் தொலைபேசியிலேயே போதிய சத்தம் வரும். அடுத்தது வயர். பெரும்பாலான இயர்போன்கள் சாவது சொருகும் முனையிலும் காதுக்கு அருகிலும் வயர் முறிவதால்தான். வயரைக் கழற்றி மாற்றக்கூடியதாக இருந்தால் வயருக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். மேலே சொன்ன 'சீரோ'வில் அந்த வசதி உண்டு. முதலாவது 'சூ'வில் இல்லை.

புளூடூத் வசதியானதுதான். ஆனால் ஒரே விலையில் வாங்கும்போது பற்றரிக்கும் சிப்புக்கும் போகும் காசு, வயர் உள்ளதில் ஒலிக்குப் போகிறது. பற்றரி பழுதானால் அதை மாற்றுவதும் கடினம். தொலைபேசியில் வட்டத் துளை இல்லாவிட்டால் யூ.எஸ்.பி-சி மாற்றி ஒன்று தேவைப்படும். சில மலிவான மாற்றிகள் எல்லாத் தொலைபேசிகளிலும் வேலை செய்யாது. உங்கள் தொலைபேசியிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் எப்படிச் சோதிப்பது?

கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது பெரும்பாலும் பாஸ் அதிரும் பாட்டாகவே இருக்கும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் குரற்பதிவு ஒன்றையும், பல தடவை கேட்ட ஒரு பாட்டையும் தொலைபேசியில் கொண்டுபோங்கள்.

முதலில் பொருத்தம். சிறியது, நடுத்தரம், பெரியது என்று சிலிக்கன் முனைகள் மூன்று வரும். நம்மில் அதிகமானோர் முதலே மாட்டியிருப்பதை அப்படியே பாவிக்கிறோம். காதுக்கும் முனைக்கும் இடையில் இடைவெளி இருந்தால் தாழ்ந்த ஒலி கசிந்துபோகும். எவ்வளவு விலை கொடுத்தாலும் சத்தம் தகரம்போல் இருக்கும். மாட்டியபின் விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அப்போது ஒலி சட்டென்று கனத்தால், அந்த முனை உங்களுக்குச் சரியில்லை. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றும் இல்லை.

பிறகு குரற்பதிவைக் குறைந்த சத்தத்தில் கேளுங்கள். சத்தத்தைக் கூட்டினால் எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தோன்றும். குறைந்த சத்தத்திலும் சொற்கள் பிரிந்து கேட்டால் அது நல்ல இயர்போன். குரல் தலையின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், இரண்டையும் இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குறை இயர்போனில். மாறாவிட்டால் உங்கள் காதை ஒருமுறை காட்டுவது நல்லது. 'ச', 'ஸ' வரும் இடங்கள் ஊசிபோல் குத்தினால் அதை நீண்ட நேரம் கேட்க முடியாது.

ஒன்றை மறக்க வேண்டாம். பதிவில் இல்லாததை எந்த இயர்போனாலும் கொண்டுவர முடியாது. வாட்ஸ்அப்பில் வரும் குரற்பதிவு சுருக்கப்பட்டே வருகிறது. முக்கியமான ஒருவரின் பேச்சைப் பதிவதென்றால், பதிவுச் செயலியில் உயர்ந்த தரத்தைத் தெரிவுசெய்து, தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள்.

செல் சத்தம் கேட்ட காதுகளுக்கு

பாட்டியின் தங்கை இப்போது கிளிநொச்சியில் இருக்கிறார். செல் விழுந்ததில் ஒரு காது கேட்பதில்லை. மற்றதில் ஓயாத இரைச்சல். அக்காவும் தங்கையும் பேரப்பிள்ளைகளின் தொலைபேசிகளில் குரற்பதிவு அனுப்பித்தான் பேசிக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களில் பலருக்கு இப்படிப்பட்ட ஒருவரைத் தெரிந்திருக்கும். சிலர் நீங்களாகவே இருப்பீர்கள்.

வெடிச்சத்தத்தால் பாதிக்கப்பட்ட காது பெரும்பாலும் உயர் மீடிறன்களை முதலில் இழக்கிறது. அதாவது சத்தம் கேட்கும், சொல் புரியாது. உடனே நாம் சத்தத்தைக் கூட்டுகிறோம். எஞ்சியிருக்கும் கேட்கும் திறனையும் அது அரிக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபெல்லில் வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான். பாதிக்கப்பட்ட காதுக்கு அதையும்விடக் குறைவாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. நன்றாக அடைத்துப் பொருந்தும் இயர்போன் வெளிச்சத்தத்தைத் தடுப்பதால் குறைந்த சத்தத்திலேயே கேட்கலாம்.

ஒரு காது மட்டும் கேட்பவர்கள் தொலைபேசி அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற பகுதிக்குப் போய் 'மோனோ ஒலி' என்பதை இயக்குங்கள். இரண்டு பக்கத்து ஒலியும் சேர்ந்து கேட்கும் காதுக்கே வரும். இதற்குக் காசு தேவையில்லை. காதில் சீழ் வடிந்தாலோ, செவிப்பறை கிழிந்திருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் காதுக்குள் எதையும் செருக வேண்டாம். இயர்போன் கேட்கும் கருவியாகவும் ஆகாது. அரச வைத்தியசாலைகளின் காது, மூக்கு, தொண்டை சிகிச்சைப் பிரிவில் இலவசமாகக் காட்டலாம்.

மழைக்காலத்தில்

நம் பக்கத்துக்கு மட்டும் இரண்டு விடயங்கள். இடி மின்னல் நேரத்தில் சார்ஜரில் செருகிய தொலைபேசியுடன் வயர் இயர்போனை மாட்டாதீர்கள். அடைமழை இரவில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு உறங்காதீர்கள். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே மழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து மக்கள் புதையுண்டார்கள். மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளில் வாழும் நமக்கு, பக்கத்து வீட்டார் கூப்பிடுவது கேட்க வேண்டும்.

சென்ற முறை போனபோது பாட்டிக்கு ஓர் இயர்போன் கொண்டுபோனேன். பெரிய முனைகள்தான் பொருந்தின. பேத்தி, கிளிநொச்சியிலிருந்து வந்த பதிவைப் போட்டாள். பாட்டி இரண்டாம் தடவையும் போடச் சொன்னார். பிறகு இயர்போனைக் கழற்றாமலே சொன்னார்: "இருமுறாளே. மருந்து எடுத்தாளானு கேளு."

பேத்தி அதற்கு முன்பு அந்தப் பதிவைப் பல தடவை கேட்டிருக்கிறாள். இருமல் அவளுக்குக் கேட்டதே இல்லை.