கவுரி மரம்

இலங்கையின் இயற்கைக் காடுகளிலே கூம்புளி மரம் எதுவும் இல்லை. மலைநாட்டிற் காணப்படும் பைன், சைப்பிரசு முதலியன பிற நாடுகளிலிருந்து கொணர்ந்து நடப்பட்டவை. ஆதலின் கூம்புளி என்றதும் ஊசி போன்ற இலைகளும் குளிர்ந்த நிலமும் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயினும், வெப்பவலய மழைக்காடுகளிலே பிற மரங்களோடு கலந்து வளரும் கூம்புளிகளும் உண்டு. அவற்றுள் பலகைக்குப் பெயர்பெற்றது கவுரி. அவுத்திரேலியாவின் குயின்சிலாந்து மாநிலத்தில் இம்மரத்துக்கு நேர்ந்தவற்றை மரம் நடுவோர் யாவரும் அறிந்திருத்தல் நன்று.

மரத்தின் இயல்பு

கவுரி என்பது நியூசிலாந்தின் மாஓரி மக்கள் தம் நாட்டு இனத்துக்கு வழங்கும் பெயர். அதன் உறவினங்கள் மலாயா தொடக்கம் போர்ணியோ, பிலிப்பைன், நியூகினி, பிஜி ஆகிய இடங்கள்வரை பரந்துள்ளன. இவையெல்லாம் அகாதிசு என்னும் சாதியைச் சேர்ந்தவை. கிரேக்க மொழியில் இப்பெயர் நூற்பந்தைக் குறிக்கும். உருண்டையான கூம்பின் வடிவை நோக்கி இடப்பட்டது. குயின்சிலாந்திலுள்ள முதன்மையான இனம் அகாதிசு ரொபுசுற்றா ஆகும். இது அம்மாநிலத்தின் தெற்கே மேரிபரோவை அடுத்தும், வடக்கே அதேட்டன் மேட்டுநிலத்திலும், ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவிலுள்ள இரு பகுதிகளில் வளர்கின்றது.

மரம் 150 அடிக்கு மேலும் உயரும். இலை ஊசி போன்றதன்று. 2 தொடக்கம் 5 அங்குலம் வரை நீண்டு, தடித்து, தோல் போன்றிருக்கும். வளரும்போது கீழ்க்கிளைகள் தாமே கழன்று வீழ்வதனால், அடிமரம் தூண்போல நேராகவும் கணுவின்றியும் அமைகின்றது. பலகைக்கு இம்மரம் விரும்பப்படுவதற்கு இதுவே முதற் காரணம். ஆண் கூம்பும் பெண் கூம்பும் ஒரே மரத்தில் உண்டாகும். பெண் கூம்பு முதிர ஒன்றரை ஆண்டுக்கு மேற் செல்லும். முதிர்ந்ததும் அது மரத்திலேயே உடைந்து, சிறகுள்ள விதைகளைக் காற்றிலே பரப்பும்.

பலகையின் பயன்

கவுரிப் பலகை வெளிர்மஞ்சள் தொடக்கம் இளங்கபிலம் வரையான நிறமுடையது. இழை நேராயும் நெருக்கமாயும் ஓடும். காய்ந்த மரம் ஒரு கன அடி ஏறக்குறைய 30 இறாத்தல் நிறையுடையது. இலேசாய் அறுபடும், சீவினால் வழவழப்பாகும், ஆணியையும் பசையையும் நன்கு ஏற்கும். தளபாடம், இழுப்பறை, உள்வீட்டு மரவேலை, படகு, வார்ப்புக்கான அச்சு முதலியவற்றிற்கு இது பயன்பட்டது. ஆனால் இதற்கொரு குறையுண்டு. நிலத்திற் பதிப்பதற்கும் மழையில் நனையுமிடத்துக்கும் இப்பலகை உதவாது. கறையானும் இதனைத் தாக்கும்.

காட்டிலிருந்து வெட்டியது

பிரேசர்த் தீவிலே 1863ஆம் ஆண்டு மரம் வெட்டுதல் தொடங்கியது. புச்சுல்லா மக்கள் வழங்கிய கர்ரி என்னும் பெயரே 2023இல் அத்தீவின் அரசப் பெயராக மீண்டது. முதலில் வீழ்த்தப்பட்டவை கவுரி மரங்களே. எருதுகள் கரைக்கு இழுத்துவந்த மரக்குற்றிகள் தெப்பமாகப் பிணைக்கப்பட்டு மேரிபரோ ஆலைகளுக்குச் சென்றன. முதிர்ந்த மரங்கள் விரைவில் அருகின. வட பகுதியின் மழைக்காடுகள் 1988இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டன. தீவில் மரம் வெட்டுதல் 1991இல் முற்றாக நின்றது. அடுத்த ஆண்டு தீவும் உலக மரபுரிமையாயிற்று. வடக்கே பரைன் ஏரிக்கரையில் கவுரியின் மற்றோரினத்தைச் சேர்ந்த இரட்டை மரங்கள் இன்றும் நிற்கின்றன. அக்காடுகளின் பழைய தோற்றத்தை அவற்றைக் கண்டு உணரலாம்.

தோட்டமாக நட்டபோது நேர்ந்தது

காட்டில் மரம் குறையவே, கவுரியைத் தனித் தோட்டமாக நட்டுப் பயன்பெறக் குயின்சிலாந்து வனப் பகுதியினர் முயன்றனர். கன்றுகள் தொடக்கத்திற் செழித்தன. பின்னர் இலையின் சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சியும் இலைப்பேனும் அவற்றைத் தாக்கின. இலைகள் உதிர்ந்தன, மீண்டும் துளிர்த்தவையும் உதிர்ந்தன. ஈற்றில் அம்முயற்சி கைவிடப்பட்டது.

மழைக்காட்டிலே ஒரு கவுரிக்கும் மற்றொன்றுக்குமிடையே வேறின மரங்கள் பல நிற்கும். பூச்சி எளிதிற் பரவாது. தோட்டத்திலோ ஒரே இனம் வரிசை வரிசையாக நிற்பதால், பூச்சிக்கு உணவு தடையின்றிக் கிடைக்கின்றது.

எனினும், எல்லா மழைக்காட்டுக் கூம்புளிகளும் தனித்தோட்டத்தில் வீழ்ந்தன என எண்ணலாகாது. கவுரியின் குடும்பத்தைச் சேர்ந்த ஊப் பைன் என்னும் மரம் அதே மாநிலத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் ஏக்கரிலே நன்கு வளர்ந்து, இன்றும் பலகை தருகின்றது. 1990களில் வட குயின்சிலாந்தில் மழைக்காட்டு மரங்கள் பலவற்றைக் கலந்து நட்டபோது, கவுரியும் அவற்றுள் ஒன்றாக மீண்டும் நடப்பட்டது.

மரம் நடுவோர் கவனிக்கவேண்டியவை

1. காட்டில் நலமாய் நிற்கும் மரம் தோட்டத்திலும் அவ்வாறே நிற்குமெனக் கொள்ளற்க. புதிய இனத்தை முதலிற் சிறு நிலத்தில் நட்டுப் பல ஆண்டு பார்த்தபின்னரே பெருக்குக.

2. கூடியவரை பல இனங்களைக் கலந்து நடுக. ஓரினம் நோயுற்றாலும் நிலம் வெறிதாகாது.

3. கவுரியின் கூம்புகளை அவை உடையுமுன்னரே மரத்திலிருந்து பறித்தல் வேண்டும். விதையின் முளைதிறன் சில வாரங்களிற் கெடுமாதலால், காலந்தாழ்த்தாது நாற்றுமேடையில் இடுக.

4. இலைகளின் அடிப்புறத்தை அடிக்கடி பார்வையிடுக. இலையுதிர்வு கண்ட பின்னர்ச் செய்யும் பரிகாரம் பெரும்பாலும் பயன்தராது.

5. மரத்தின் தன்மையறிந்து பலகையைப் பயன்படுத்துக. கவுரி போன்ற மென்பலகை வீட்டினுள்ளே நெடுங்காலம் உழைக்கும். வேலிக்கும் வாயிற்படிக்கும் வைரமுள்ள மரமே தகும்.