தொற்றுக் காலத்தில் அந்திமக் கிரியைகள்

கலியாணத்துக்கு அழைத்தால்தான் போவோம். சாவுக்கோ செவியில் செய்தி விழுந்தாலே போதும், போட்டது போட்டபடி புறப்பட்டு விடுவோம். பல்லாண்டு பேச்சற்றுப் போன பங்காளிகூட வாசலில் வந்து நின்று கைகொடுத்துத் துக்கம் விசாரிக்கும் இந்த உயர்ந்த வழக்கமே, 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா நோய் பரவுவதற்கு ஒரு வாயிலாகவும் அமைந்து விட்டது. மறுபுறம், அச்சம் அளவு மீறியதனால், பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காணாமலே பிள்ளைகள் அவளைத் தீக்கு ஒப்படைத்த அவலமும் நேர்ந்தது. அசட்டைக்கும் அச்சத்துக்கும் நடுவே, இறந்தவருக்கு மரியாதையும் இருப்பவருக்குப் பாதுகாப்பும் தருகின்ற வழி ஒன்று உண்டு.

அபாயம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவிலுள்ள சிகாகோ நகரில் 2020 பிப்ரவரியில் நடந்த ஓர் இறுதிச் சடங்கை அந்நாட்டு நோய்த்தடுப்பு அதிகாரிகள் ஆராய்ந்து பதிவு செய்துள்ளனர். சவத்துக்கும் தொற்றுக்கும் அங்கே சம்பந்தமே இல்லை. சுவாசக் கோளாறின் லேசான அறிகுறிகளோடு இருந்த குடும்ப நண்பர் ஒருவர், முதல்நாள் இரவு துக்க வீட்டாருடன் பொதுப் பாத்திரத்திலிருந்து எடுத்து உண்டார். மறுநாள் அவர்களைத் தழுவி ஆறுதல் சொன்னார். அவரிடமிருந்து கிளம்பிய தொற்று, அடுத்து நடந்த ஒரு பிறந்தநாள் விருந்தின் வழியாகவும் பரவி, 16 பேர் அடங்கிய நோய்த்தொடர் ஆயிற்று. அவர்களுள் மூவர் மாண்டனர்.

சுவாசத்தால் பரவும் நோயில், மூச்சு நின்றுபோன சரீரத்தைக் காட்டிலும், அதனைச் சூழ்ந்து இருமியும் அழுதும் பேசியும் நிற்கும் ஜீவனுள்ள கூட்டமே பேரபாயம் உடையது. எல்லா நோய்களுக்கும் இவ்விதி பொருந்தாது. 2014 முதல் மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய நாடுகளைப் பீடித்த எபோலாவில் சவமே கொடிய தொற்றுடையதாயிருந்தது. அதனைக் குளிப்பாட்டித் தொட்டுப் புலம்பியவர்கள் ஒருவர்பின் ஒருவராக நோயுற்றனர். ஆகவே எந்த நோய், எவ்வழியாகப் பரவுகிறது என்பதைச் சுகாதாரத் துறையினரிடம் முதலில் கேட்டறிவதே விவேகம்.

சவத்தைப் பேணும் முறை

இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் கொரோனாவால் இறந்தவரின் உடலைக் கையாள 2020 மார்ச் 15 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், பலர் எண்ணியதுபோல் இரக்கமற்றவை அல்ல. குளிப்பாட்டுதல், முத்தமிடுதல், கட்டியழுதல் ஆகியவற்றை அவை விலக்கின. எனினும், பயிற்சி பெற்ற ஊழியர் உடல் வைத்த பையின் முகப்பகுதியைத் திறந்து காட்ட, உறவினர் எட்ட நின்று கடைசித் தரிசனம் செய்யலாம் என்றும், வேதம் ஓதுதல், புனித நீர் தெளித்தல் முதலிய, உடலைத் தீண்டாத சடங்குகள் யாவும் செய்யலாம் என்றும் அனுமதித்தன. எனவே, நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டும் வழக்கமுடையோர் அந்நீரைத் தெளிப்பதோடு அமையலாம். கோடித் துணியைப் பையின்மீது சார்த்தும்படி ஊழியரிடமே கொடுக்கலாம். வாய்க்கரிசியை வாயருகே கொண்டுசெல்லாமல் மேலே தூவலாம்.

துக்க வீட்டில்

ஜன்னல் சாத்திய சிறு கூடம். நடுவே ஐஸ் பெட்டி. அதனைச் சுற்றித் தோளோடு தோள் ஒட்டி, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழும் மாதர். ஒப்பாரியின் உச்சக் குரல். கைமாறிக் கைமாறி வரும் காபித் தம்ளர்: தொற்றுக்கு வேண்டிய சௌகரியங்கள் அனைத்தும் இங்கே ஒருங்கு கூடியிருக்கின்றன. ஆகையால், வீட்டில் வைக்க அனுமதியுள்ள சவத்தைக் கூடத்தில் வைக்காமல், வாசலில் பந்தலிட்டுக் காற்றோட்டத்தில் வைப்பது உசிதம். வருவோர் முகக்கவசம் அணிந்து, சிறுசிறு குழுவாக வந்து, கைகூப்பி வணங்கி, தாமதியாமல் திரும்ப வேண்டும். காய்ச்சலோ இருமலோ உள்ளவர் எத்துணை நெருங்கிய பந்துவாயினும் வராதிருப்பதே அவர் செலுத்தும் மரியாதை. வயோதிகரும், நீரிழிவு போன்ற நாள்பட்ட நோயுடையோரும் தொலைபேசியில் துக்கம் விசாரிக்கலாம். பந்தி வைப்பதை விடுத்து, அடுத்த வீட்டார் சமைத்த உணவைத் துக்க வீட்டாருக்கு மட்டும் தனித்தனியே கட்டிக் கொடுப்பது நலம். செய்முறை எழுதும் நோட்டைப்போலவே வந்தவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எவரேனும் குறித்து வைத்தால், பின்னர் ஒருவர் நோயுற்றபோது மற்றவரை உடனே எச்சரிக்க முடியும்.

மயானத்தில்

ஊரடங்கின்போது இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடலாகாது என அரசு விதித்திருந்தது. இத்தகைய வரம்பு உள்ளபோது, வருவோர் யாவர் என்பதை முன்கூட்டியே நிச்சயிப்பது, வாசலில் எழும் மனஸ்தாபத்தைத் தவிர்க்கும். தகனத்துக்குப்பின் எஞ்சும் சாம்பலால் தொற்று இல்லை. ஆகவே காடாற்றி அஸ்தி சேகரிப்பதற்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் மாண்ட மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் தாக்கி விரட்டியதும், சக மருத்துவர் ஒருவரே நள்ளிரவில் மண்ணைத் தள்ளிக் குழியை மூடியதும் நம் சமூகத்துக்கு நேர்ந்த தலைகுனிவு. அம்மாதமே தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, இவ்வாறு தடுப்போருக்கு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வகை செய்தது. முறைப்படி அடக்கம் செய்யப்பட்ட உடலால் அக்கம்பக்கத்தாருக்கு அந்நோய் வந்துவிடும் என்ற பீதிக்கு ஆதாரமில்லை.

நினைவுச் சடங்குகள்

மரணம் நிகழும் நாள் நம் வசத்தில் இல்லை. கருமாதிக்கு ஊரைக் கூட்டுவதோ முழுதும் நம் வசத்தில் உள்ளது. பதினாறாம் நாள் கிரியையை வீட்டார் மட்டும் கூடிச் செய்துவிட்டு, உற்றார் அனைவரையும் தலைத்திவசத்துக்கு அழைக்கலாம். நினைவுத் திருப்பலிக்கும், பள்ளிவாசலில் ஓதும் பிரார்த்தனைக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். ஆனால், கூட்டம் குறைந்ததனால் துக்கம் குறைந்து விடுவதில்லை. அழுது தீர்க்க ஆளின்றித் தனித்திருப்போரின் மனம் நெடுநாள் நொந்திருக்கும். ஆதலால், முதல்நாள் ஒருமுறை தொலைபேசியில் பேசியதோடு கடமை தீர்ந்ததெனக் கருதாமல், வாரந்தோறும் அவர்களை அழைத்து, போனவரைப் பற்றிப் பேசவிட்டுக் கேளுங்கள். உறக்கமும் உணவும் பல வாரங்கள் செல்லாதிருப்பின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒரு சாவு இன்னொரு சாவுக்குக் காரணமாகாமல் காப்பதே, இறந்தவருக்கு நாம் செய்யத்தக்க முதற்கிரியை.