அற்புதமும் ஆராய்ச்சியும்

இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகரப் பேராலயத்தில், முத்திரையிட்ட பழங்காலக் கண்ணாடிக் குப்பி ஒன்று பேணப்பட்டு வருகிறது. அதனுள் இருக்கும் கருஞ்செந்நிறப் பொருள், கி.பி. 305-ஆம் ஆண்டு அளவில் உயிர் நீத்ததாக மரபு கூறும் வேதசாட்சி புனித ஜெனாரோவின் குருதி என்பது அந்நகர மக்களின் நம்பிக்கை. கட்டியாகத் தோன்றும் அப்பொருள், ஆண்டுதோறும் செப்டம்பர் 19-ஆம் நாள் நிகழும் திருவிழாவில் பெரும்பாலும் இளகி நீர்மமாகிவிடுகிறது. இளகாவிடின் நகருக்குத் தீங்கு நேரும் என்று மக்கள் அஞ்சுவர். இந்நிகழ்ச்சியைப் பற்றிய முதற்குறிப்பு 1389-ஆம் ஆண்டிற்குரியது.

ஐரோப்பாவில் சோதனை வழிப்பட்ட விஞ்ஞானம் வளர்ந்தபொழுது, இக்குப்பி விவாதப் பொருளாயிற்று. ஆங்கில எழுத்தாளர் ஜோசப் அடிசன், 1705-இல் வெளியிட்ட தம் இத்தாலியப் பயண நூலில், இதனைத் திறமையற்ற தந்திரமென்று இகழ்ந்தார். ஆனால் இகழ்ச்சி விளக்கமாகாது. பெர்லின் நகர இரசாயன அறிஞர் காஸ்பர் நாய்மன் வேறு வழியை மேற்கொண்டார். 1734-இல், உறைந்து இளகும் கலவையொன்றைத் தாமே ஆக்கி, அதே போன்ற காட்சியை நிகழ்த்திக் காட்டினார்.

சமயத்தார் ஆராயாது இருந்தனரோ எனின், அதுவும் இல்லை. அதே 1734-இல், பொலோஞா நகரப் பேராயர் புரோஸ்பெரோ லாம்பெர்த்தினி, புனிதர் பட்டம் வழங்கும் முறை பற்றிய பெருநூலை வெளியிடத் தொடங்கினார். இயற்கைக் காரணத்தால் விளக்கக்கூடிய ஒன்றை அற்புதமென ஏற்றல் ஆகாது. மருத்துவ அறிஞரையும் கலந்தறிதல் வேண்டும் என்பது அவர் நெறி. 1740-இல் அவரே பதினான்காம் பெனடிக்ட் என்னும் பெயருடன் போப்பாண்டவரானார்.

1991-இல் இத்தாலிய ஆய்வாளர் மூவர், இரும்புக் குளோரைடு, சுண்ணாம்புக் கல், உப்பு, நீர் ஆகியவற்றால் ஒரு பழுப்புநிறக் கூழை ஆக்கினர். அசையாது வைத்தால் அது உறையும், குலுக்கினால் இளகும், வைத்துவிட்டால் மீண்டும் உறையும். இடைக்கால மக்களுக்கும் கிடைத்திருக்கக்கூடிய பொருள்கள் இவை. திருவிழாவிலும் குப்பியைச் சாய்த்துச் சாய்த்தே பார்க்கின்றனர். எனினும் குப்பி திறக்கப்பட்டதில்லை. உள்ளிருக்கும் பொருளை எவரும் எடுத்துச் சோதித்திலர்.

'இவ்வாறு நிகழக்கூடும்' என்பது வேறு. 'இவ்வாறே நிகழ்ந்தது' என்பது வேறு. நாய்மனின் கலவையும் மூவரின் கூழும் முன்னதை மெய்ப்பித்தன, பின்னதை மெய்ப்பிக்கவில்லை. அறிந்தது எவ்வளவு, அறிய வேண்டியது எவ்வளவு என்று அளந்து பேசும் இப்பழக்கம், பல சமயத்தார் அருகருகே வாழும் ஊர்களில் பெரிதும் வேண்டப்படுவதாகும். அயலாரின் நம்பிக்கையை எள்ளாமலே, ஆராய வேண்டியதை அஞ்சாது ஆராய அது வழி காட்டுகிறது.